ரத்தம் உரசும் இடம்

ஜெர்மனியின் லைப்சிக் நகர இதய மருத்துவமனையில் பத்து நோயாளிகள் நாளுக்கு ஆறு தடவை மிதித்தார்கள். நகராத சைக்கிள், சில வேளை துடுப்புப் போடும் இயந்திரம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம். அவரவர் இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பில் 80 சதவீதத்தைத் தொடும் வேகம். இப்படி நான்கு வாரம். எல்லோருக்கும் இதயத் தமனி நோய் இருந்தது. அதே நோயுள்ள இன்னும் ஒன்பது பேர் பயிற்சி ஏதுமின்றி வழக்கம்போல் இருந்தார்கள். ரைனர் ஹாம்ப்ரெக்ட் குழு இந்த ஆய்வை 2000ஆம் ஆண்டு ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்டது.

மொத்தம் பத்தொன்பது பேர். சின்னக் கூட்டம்தான். ஆனால் அவர்கள் எதை அளந்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். எடை குறைந்ததா, கொழுப்பு இறங்கியதா, மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதெல்லாம் அவர்களுடைய முதல் கேள்வியாக இல்லை. மெல்லிய குழாயை இதயத் தமனிக்குள்ளேயே செலுத்தி, அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தமனி எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்தார்கள். பயிற்சிக்கு முன்னால் சராசரியாக 0.41 மி.மீ. சுருங்கிய தமனி, நான்கு வாரம் கழித்து 0.19 மி.மீ. மட்டுமே சுருங்கியது. பாதிக்கும் மேல் குறைவு. பயிற்சி செய்யாத ஒன்பது பேரிடம் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் கணக்குக்கு ஏன் இத்தனை பாடு? இதயத் தமனியின் உள்விட்டமே மூன்று நான்கு மி.மீ.தான். அதில் ஏற்கெனவே கொழுப்பு படிந்து இடத்தைப் பிடித்திருக்கும். மிச்சமிருக்கும் வழியும் வேண்டாத நேரத்தில் இறுகும். மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிசைவது அதனால்தான். அதைவிட முக்கியமான இன்னொன்று: ஆரோக்கியமான தமனி அந்த மருந்துக்குச் சுருங்கவே கூடாது. விரிய வேண்டும். சுருங்குகிறது என்றால் தமனியின் உள்பக்கம் போர்த்தியிருக்கும் ஒரு படலம் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

அந்தப் படலத்தை மருத்துவர்கள் எண்டோதீலியம் என்பார்கள். உட்படலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஓர் அடுக்குச் செல்கள். பெருந்தமனியிலிருந்து ரத்தச் சிவப்பணு ஒன்று உடம்பை நெளித்துக்கொண்டு நுழையும் நுண்குழாய் வரைக்கும், ரத்தம் தொடுகிற இடமெல்லாம் இதுதான். நம் ஊர் மருத்துவமனைகளில் மருந்துச் சீட்டின் பின்பக்கம் டாக்டர் ஒரு குழாய் வரைந்து, நடுவில் ஒரு மேட்டைக் கிறுக்கி, “இங்கேதான் அடைப்பு” என்று பேனாவால் தட்டிக் காட்டுவார். புரிய வைக்க நல்ல படம். ஆனால் அதில் குழாய் வெறும் குழாயாக இருக்கிறது. சமையலறைத் தொட்டிக் குழாய்க்குத் தன் வழியாக எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியாது. ரத்தக்குழாய்க்குத் தெரியும்.

அது தெரியும் என்பதே ஒரு தவறிலிருந்துதான் வெளிச்சத்துக்கு வந்தது. நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற மருந்தியலாளர் முயலின் பெருந்தமனியை வெட்டி, சுருள் நாடாவாக்கி, மருந்துகளில் அது எப்படி இறுகுகிறது, தளர்கிறது என்று ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை உறுத்திய புதிர் ஒன்று உண்டு. உயிருள்ள உடம்பில் அசிடைல்கோலின் ரத்தக்குழாயை விரிக்கிறது. அவர் மேசையில் அதே பொருள் நாடாவைச் சுருக்கியது. 1978-இல் அவருடைய உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட்டார். அன்றைக்குத் தமனித் துண்டு தளர்ந்தது. ஏன் என்று துருவியபோது காரணம் வெட்டிய விதத்தில் இருந்தது. நாடாவாக வெட்டும்போது உள்பக்கம் எங்காவது உரசி, அந்த ஒற்றை அடுக்குச் செல்கள் உரிந்து போய்விடும். வளையமாக வெட்டினால் அவை தப்பித்திருக்கும். படலம் இருந்தால் தளர்ச்சி, இல்லாவிட்டால் இறுக்கம்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. படலம் உரிந்த நாடா ஒன்றையும் படலம் உள்ள நாடா ஒன்றையும் முகத்தோடு முகம் சேர்த்து, ரொட்டித் துண்டுகளை அடுக்குவதுபோல் வைத்தார். அசிடைல்கோலினை விட்டார். உரிந்த நாடாவும் தளர்ந்தது. ஒன்றிலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளிவந்து மற்றொன்றுக்குப் போயிருக்கிறது. 1980-இல் ஜான் ஸவாட்ஸ்கியுடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். அந்தப் பொருள் என்ன என்பதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆயின. 1986-இல் ஃபர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் தனித்தனியே ஒரே ஊகத்தைச் சொன்னார்கள். 1987-இல் இங்கிலாந்தில் சால்வடோர் மொன்காடாவின் குழு அதை அளந்து காட்டியது. நைட்ரிக் ஆக்சைடு. வண்டிப் புகையில் வரும் அதே வாயு. சில நொடிகளே உயிரோடிருக்கும் ஒரு மூலக்கூறு தமனியின் தசைக்குத் தளரச் சொல்லித் தூது போகிறது என்பதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கும் தயக்கம் இருந்தது. 1998-இல் ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு. மொன்காடாவை விட்டுவிட்டார்களே என்ற முணுமுணுப்பு அப்போது எழுந்தது. அது நியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது.

பரிசின் பெயரிலேயே ஒரு விந்தை ஒளிந்திருக்கிறது. ஆல்ஃபிரட் நோபல் டைனமைட் செய்தது நைட்ரோகிளிசரினைக் கொண்டு. கடைசிக் காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது மருத்துவர்கள் எழுதிக் கொடுத்ததும் அதே நைட்ரோகிளிசரின்தான். அதை எண்ணி அவரே வியந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்களே, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, அதன் வேலையும் இதுதான்: சோர்ந்துபோன உட்படலம் தர மறுக்கும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிலிருந்து கொடுப்பது.

இதயத் தமனி நோயில் படலம் எப்படி மறுக்கிறது என்பதை 1986-இல் பாஸ்டன் மருத்துவர்கள் நேரில் பார்த்தார்கள். நோயாளிகளின் இதயத் தமனிக்குள் அசிடைல்கோலினை விட்டபோது, நல்ல தமனிகள் விரிந்தன. கொழுப்புப் படிந்தவை சுருங்கின. கண்ணுக்குத் தெரியும் அடைப்பு உள்ள இடத்தில் மட்டுமல்ல, லேசாகச் சொரசொரப்புத் தட்டியிருந்த இடத்திலும் அப்படித்தான். 1989-இல் இன்னொரு சோதனை. ஆஞ்சியோ மேசையில் படுத்தபடியே நோயாளிகளை மிதிக்கச் சொன்னார்கள். உழைக்கும் இதயத்துக்கு ரத்தம் அதிகம் வேண்டும். தமனி விரிந்து கொடுக்க வேண்டும். நல்ல தமனி விரிந்தது. நோயுற்றது, தேவை மிகுந்த அந்த நேரத்தில், இறுகியது.

அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. உழைப்பு என்றாலே இறுகிக்கொள்ளும் தமனி உள்ளவருக்கு உழைப்பை எப்படி மருந்தாகக் கொடுப்பது? அந்தக் காலத்து மருத்துவர்கள் கொடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் மாரடைப்பு வந்தவருக்கு ஆறு வாரம் படுக்கை என்பது மருத்துவ ஆணை. 1952-இல் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும் நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று சொன்னதே பெரிய துணிச்சலாகப் பட்டது. நாற்காலியில்தான், நடக்கக்கூட இல்லை.

அடுத்த ஆண்டே லண்டனிலிருந்து ஜெர்ரி மோரிஸின் கட்டுரை வந்தது. இரண்டடுக்குப் பேருந்தில் ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் நாளுக்கு 500 முதல் 750 படி வரை ஏறி இறங்குகிறார். ஒரே நிறுவனம், ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே சம்பளம். நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் தாமதமாக, கடுமை குறைந்து வந்தது. மோரிஸ் பிறகு ஓட்டுநர்களின் சீருடைக் கால்சட்டை அளவுகளையும் தேடி எடுத்தார். ஓட்டுநர்களுக்கு இடுப்பு பெரிதாக இருந்தது. அப்படியென்றால் வேலையில் சேரும்போதே குண்டாக இருந்தவர்களா? சந்தேகம் நியாயமானது. ஆனால் இடுப்பளவு ஒத்த ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டபோதும் நடத்துநர் பக்கமே அனுகூலம் இருந்தது. உடல் உழைப்பு எடை வழியாக மட்டும் இதயத்தைக் காப்பதில்லை என்பதற்கு அதுவே முதல் தடயம்.

இந்தத் தடயம் இன்னும் உயிரோடிருக்கிறது. அமெரிக்காவில் 27,055 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007-இல் வெளியானது. உடல் உழைப்பு மிகுந்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்கள் குறைவு, அது எதிர்பார்த்ததுதான். அந்தக் குறைவுக்கு எது எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, எடை, உடலின் அழற்சிக் குறிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் 59 சதவீதம்தான் கணக்கில் வந்தது. மீதி நாற்பது சொச்சம் எங்கே? ரத்தப் பரிசோதனைத் தாளில் அதற்கு வரி இல்லை. ஆஸ்திரேலியாவின் டேனியல் கிரீன் போன்ற ஆய்வாளர்கள் கையைக் காட்டுவது உட்படலத்தை நோக்கி. அந்த வாதம் எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது. ஏனென்றால் மற்ற எதையும் மாற்றாமல் படலத்தை மட்டும் சீண்டிப் பார்க்க வழி இருக்கிறது.

அந்த வழிக்குப் போகும் முன் பி.பி. பார்த்த அனுபவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றுகிறார்கள். கை மரத்துப் போகிறது. காற்றை விட்டதும் உள்ளங்கை சூடாகிச் சிவக்கிறது. அடைபட்டிருந்த ரத்தம் ஒரேயடியாகப் பாய்கிறது. 1992-இல் டேவிட் செலர்மேயரும் லண்டன் தோழர்களும் இதையே சோதனையாக்கினார்கள். பட்டையை ஏறக்குறைய ஐந்து நிமிடம் இறுக்கி வைத்து, விட்டதும் முழங்கைக்கு மேலுள்ள தமனியை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது. பாயும் ரத்தம் உட்படலத்தை உரசுகிறது. படலம் உரசலை உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடை விடுகிறது. தமனி சில சதவீதம் விரிகிறது. புகைபிடிப்பவர்களிடமும், பரம்பரையாகக் கொழுப்பு மிகுந்த குழந்தைகளிடமும் அந்த விரிவு மங்கியிருந்தது. குழந்தைகளிடம்! மாரடைப்புக்குப் பல பத்தாண்டுகள் முன்பே படலம் சொல்லத் தொடங்கிவிடுகிறது.

உரசல் என்றேன். அதுதான் இந்தக் கட்டுரையின் மையச் சொல். ரத்தம் குழாயின் சுவரோடு உராய்ந்தபடியே ஓடுகிறது. அந்த உராய்வை ஒவ்வொரு செல்லும் தன் மேல்பரப்பால் உணர்கிறது. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவுக்கு ரத்தத்தை வெளியேற்றும். ஆரோக்கியமான இளைஞர் முழு வேகத்தில் ஓடும்போது அது இருபதைத் தாண்டும். உராய்வும் அதோடு கூடுகிறது. செல்லுக்குள் அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்யும் நொதி ஒன்று இருக்கிறது. உராய்வு அதை எழுப்பி விடுகிறது. நாள்தோறும் எழுப்பினால் செல் அந்த நொதியைக் கூடுதலாகவே செய்து வைத்துக்கொள்கிறது. ஆற்று நீர் ஓடும் திசையில் புல் சாய்ந்திருப்பதைப்போல, ரத்தம் நேராக ஓடும் இடங்களில் உட்படலச் செல்களும் அந்தத் திசையில் நீண்டு படிந்திருக்கின்றன. தமனி கிளை பிரியும் இடங்களில், கழுத்துத் தமனி இரண்டாகும் முனை போன்ற இடங்களில், ஓட்டம் சுழித்துத் திரும்புகிறது. அங்கே செல்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. கொழுப்பு படிவதும் பெரும்பாலும் அங்கேதான். ஒரே ரத்தம், அதே கொலஸ்ட்ரால் அளவு, ஆனாலும் நோய் இடம் பார்த்து உட்காருகிறது.

படலம் சோரும்போது நடப்பது தமனி இறுகுவது மட்டுமல்ல. நைட்ரிக் ஆக்சைடு இருக்கும்வரை ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டுவதில்லை; வெள்ளணுக்கள் உள்ளே நுழைவதில்லை. அது குறைந்ததும் செல்கள் தம் மேல்பரப்பில் கொக்கிபோன்ற புரதங்களை நீட்டுகின்றன. வெள்ளணுக்கள் அதில் மாட்டிச் சுவருக்குள் இறங்கி, அங்கே புகுந்திருக்கும் கெட்ட கொழுப்பைத் தின்று வீங்கி, நுரைத்துக் கிடக்கின்றன. சர்க்கரை நோய், புகை, உயர் அழுத்தம் மூன்றும் இன்னொரு வழியிலும் கெடுக்கின்றன: ஆக்சிஜனின் ஆவேச வடிவங்கள் பெருகி, பிறந்த நைட்ரிக் ஆக்சைடை அங்கேயே விழுங்கிவிடுகின்றன. நிலைமை முற்றினால் நைட்ரிக் ஆக்சைடு செய்ய வேண்டிய நொதியே தடம் புரண்டு அந்த ஆவேச வடிவங்களைச் செய்யத் தொடங்கும். வேலியே பயிரை மேய்வது என்பது இங்கே சொல்லழகுக்காகச் சொல்வதல்ல.

ஆண்மைக்குறைவு பற்றி டாக்டரிடம் வாய் திறக்கக் கூச்சப்படும் ஆண்களுக்காக ஒரு வார்த்தை. அந்த உறுப்புக்குப் போகும் தமனி இதயத் தமனியைவிடச் சிறியது. அதுவும் நைட்ரிக் ஆக்சைடை நம்பியே விரிகிறது. அதனால் படலத்தின் சோர்வு முதலில் அங்கே தெரிந்து, இரண்டு மூன்று ஆண்டு கழித்து நெஞ்சில் தெரிவதுண்டு. லாட்ஜில் அறை போட்டு விளம்பரம் செய்யும் வைத்தியரிடம் போவதற்கு முன் இதயத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனி அந்தச் சீண்டல். உடற்பயிற்சியில் எத்தனையோ நடக்கிறது: ஹார்மோன், வியர்வை, தசை, மனநிலை. படலத்துக்கு நன்மை செய்வது உரசல்தான் என்று எப்படிச் சொல்வது? லிவர்பூலைச் சேர்ந்த டிங்கனும் அவருடைய தோழர்களும் 2010-இல் எளிமையான ஒரு வழி கண்டார்கள். இளைஞர்களின் இரு கைகளுக்கும் ஒரே மாதிரிப் பிடிப்பயிற்சி, வாரக்கணக்கில். ஆனால் ஒரு கையில் மட்டும் பி.பி. பட்டையை லேசாக இறுக்கி, ரத்த ஓட்டம் பெருகாமல் பார்த்துக்கொண்டார்கள். உடம்பு ஒன்று, ஹார்மோன் ஒன்று, உழைப்பும் ஒன்று. உரசல் மட்டும் ஒரு கையில் குறைவு. பட்டை கட்டாத கையின் தமனி தேறியது. கட்டிய கையில் மாற்றமில்லை.

லைப்சிக் குழுவும் சும்மா இருக்கவில்லை. தமனி தேறியது சரி; செல்லுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டுமே. உயிரோடிருக்கும் மனிதரின் தமனியை வெட்டி எடுக்க முடியாது. ஆனால் பைபாஸ் அறுவைக்குக் காத்திருப்பவர்களிடம் ஒரு வாய்ப்பு உண்டு. மார்புச் சுவரின் உள்பக்கம் ஓடும் தமனியை எடுத்துத்தான் இதயத்தில் இணைக்கிறார்கள். அதில் சிறு துண்டு ஆய்வுக்குக் கிடைக்கும். அறுவைக்கு முன் நான்கு வாரம் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி, மற்றவர்களுக்கு இல்லை. 2003-இல் வந்த முடிவில், பயிற்சி செய்தவர்களின் தமனித் துண்டில் அந்த நொதி இரு மடங்கு இருந்தது. அதன் விழித்த வடிவம் நான்கு மடங்கு. மிதித்தது கால். மாறியது மார்புக்குள் இருந்த தமனி.

இதிலிருந்து, அடைபட்ட தமனியைத் திறந்து வைக்கும் கம்பி வலையான ஸ்டென்ட் பற்றிச் சங்கடமான ஒரு கேள்வி எழாமல் போகாது. அதையும் ஹாம்ப்ரெக்ட்டே கேட்டார். நிலையான நெஞ்சுவலி உள்ள 101 ஆண்கள்; ஒரு பாதிக்கு ஸ்டென்ட், மறுபாதிக்கு வீட்டில் நாள்தோறும் 20 நிமிட சைக்கிள். ஓராண்டு கழித்து, இதயம் தொடர்பான அசம்பாவிதம் ஏதுமின்றி இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 88 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 70. இது 2004-இல் வெளியானது. இன்றைய ஸ்டென்ட் அதைவிட மேம்பட்டது, அந்த ஆய்வில் ஆள் எண்ணிக்கையும் குறைவு. அதனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு யாரும் ஆஞ்சியோ அறையிலிருந்து எழுந்து ஓட வேண்டாம். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் இரண்டாம் பேச்சு இல்லை. நிலையான நோயில் கதை வேறு. 2,287 பேரைக் கொண்ட 2007ஆம் ஆண்டு கரேஜ் ஆய்வில், நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டும் சேர்த்து வைத்தது மரணத்தையோ மாரடைப்பையோ குறைக்கவில்லை. ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறக்கிறது. படலம் எல்லா இடத்திலும் இருக்கிறது. இன்னொன்றையும் பலர் அறிவதில்லை: பலூனை ஊதி ஸ்டென்டைப் பதிக்கும்போது அந்த இடத்தின் உட்படலம் கிழிகிறது. மருந்து பூசிய ஸ்டென்டில் அது திரும்ப வளரத் தாமதமாகிறது. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகளை மாதக்கணக்கில் நிறுத்தாமல் போடச் சொல்வது ஏன் என்று கேட்டால் பதில் இதுதான். கம்பி வலைமேல் புதுப் படலம் மூடும்வரை காவல்.

என் சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்த அன்று, சித்தி ஹாலில் கட்டிலைப் போட்டிருந்தார். மாடியில் இருந்த படுக்கையறைக்கு ஒரு மாதம் தடை. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, “நீங்க உக்காருங்க, நான் எடுத்துத் தரேன்” என்று குரல் வரும். டிஸ்சார்ஜ் தாளில் எட்டு மாத்திரைகள் வேளை வாரியாக, சாப்பாட்டுக்கு முன், பின் என்று எழுதியிருந்தன. கடைசியில் ஒரு வரி: நடைப்பயிற்சி. எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம், எந்த வேகம், நெஞ்சு கனத்தால் என்ன செய்வது, எதுவுமில்லை. மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கு. நடைக்குக் கணக்கு கிடையாது. சித்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1950-இல் உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவர்கள் சொன்னதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார்.

கணக்கு என்றால் எவ்வளவு? இந்த இடத்தில் ஆய்வாளர்களுக்குள்ளேயே இழுபறி உண்டு. நார்வேயின் டிரோன்ட்ஹைமில் உல்ரிக் விஸ்லோஃப் குழு, மாரடைப்புக்குப் பின் இதயம் பலவீனமான 27 பேரை எடுத்துக்கொண்டது. சராசரி வயது 75-ஐ ஒட்டி. சிலருக்குச் சீரான மிதமான நடை. சிலருக்கு நான்கு நிமிடம் உச்சத் துடிப்பை நெருங்கும் கடும் நடை, பிறகு ஆசுவாசம், இப்படி நான்கு சுற்று. பன்னிரண்டு வாரத்தில் உடம்பு ஆக்சிஜனை வாங்கும் திறன் மிதமான பிரிவில் 14 சதவீதம் கூடியது. சுற்றுப் பிரிவில் 46. உட்படலமும் சுற்றுப் பிரிவில் அதிகம் தேறியது. 2007-இல் இது வந்தபோது பெரிய ஆரவாரம். பத்தாண்டு கழித்து, ஐரோப்பாவின் ஒன்பது மையங்களில் 261 பேரைக் கொண்டு அதையே செய்து பார்த்தார்கள். கடும் சுற்றுகளுக்குத் தனி அனுகூலம் தெரியவில்லை. கடுமையாகச் செய்யச் சொன்னவர்களில் பலர் அந்த வேகத்தை எட்டவில்லை. மிதமாகச் செய்யச் சொன்னவர்களில் பலர் அதைத் தாண்டிவிட்டார்கள். மனிதர்கள் ஆய்வுத் திட்டத்துக்கு அடங்குவதில்லை. என் பார்வையில் இதில் தோல்வி ஒன்றுமில்லை: வேகம் எதுவானாலும் படலம் கேட்பது உரசலை. அதற்காக நோயுள்ளவர் யாரையும் கேட்காமல் நாளை காலையே ஓடத் தொடங்குவதும் சரியல்ல. ஓய்விலேயே வரும் வலி, புதிதாகக் கூடும் வலி, மயக்கம் இருந்தால் முதலில் டாக்டர். டிரெட்மில் சோதனை செய்து எந்தத் துடிப்பு வரை போகலாம் என்று தெரிந்துகொண்டு தொடங்குவதே முறை.

அடைப்பு கரையுமா என்றும் கேட்பார்கள். கொஞ்சம். 1992-இல் ஹைடல்பெர்க்கில் 113 நோயாளிகளிடம் ஓராண்டு பயிற்சியும் கொழுப்பு குறைந்த உணவும் சேர்ந்து செய்ததில், 32 சதவீதத்தினருக்கு அடைப்பு சற்றே குறைந்தது. வழக்கமான சிகிச்சையில் 17. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட உழைப்பு சாதாரணமல்ல: வாரத்துக்கு 2,200 கிலோகலோரி அளவு, அதாவது ஐந்தாறு மணி நேரம். படலமோ நான்கு வாரத்தில் பதில் சொல்லிவிடுகிறது.

பதிலை அதே வேகத்தில் திரும்பப் பெற்றும் கொள்கிறது. சுவிட்சர்லாந்தின் வோனாவும் அவருடைய குழுவினரும் 2009-இல் எழுதிய ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாகக் காட்டுகிறது. அண்மையில் மாரடைப்பு வந்த 209 பேர். சிலருக்கு சைக்கிள், சிலருக்கு எடை தூக்கும் பயிற்சி, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பயிற்சி செய்த மூன்று பிரிவிலும் கைத் தமனியின் விரிவு நன்றாகக் கூடியது. எந்தப் பயிற்சி என்பது பெரிய வேறுபாடு செய்யவில்லை. பிறகு ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார்கள். எல்லோரும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார்கள். இது சேமிப்புக் கணக்கு அல்ல. கல்லூரியில் கபடி ஆடியவர், இருபது வருடத்துக்கு முன் வயலில் இறங்கியவர், யாருடைய படலத்திலும் பழைய இருப்பு கிடையாது. மாத்திரையைப்போலவே இதற்கும் வேளை உண்டு.

வேளை என்பதை இன்னும் சுருக்கலாம். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலின் தமனியில் விரியும் திறன் குறைகிறது. மணிக்கு ஐந்து நிமிடம் மெல்ல நடந்தால் குறைவதில்லை. 14,227 பேரைக் கொண்டு தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடந்த இந்திய ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் 54.4 சதவீதத்தினர் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள். பொழுதுபோக்காக ஆடவோ ஓடவோ செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இருபத்து நான்கு இந்திய மருத்துவமனைகளில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரில் ஒரு பகுதியினருக்கு யோகா வழியாகப் புனர்வாழ்வு கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் உண்டு. யோகா செய்தவர்களின் நலவுணர்வு மேம்பட்டது. அசம்பாவிதங்கள் தெளிவாகக் குறையவில்லை. மெல்ல மூச்சு விடும் ஆசனங்களில் ரத்த ஓட்டம் அவ்வளவாகப் பெருகாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம், ஆய்வாளர்கள் சொன்னதல்ல.

அமெரிக்காவின் மிசௌரியில் 2016-இல் செய்த சோதனை ஒன்றோடு முடித்துக்கொள்கிறேன். இளைஞர்களை மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு காலை ஒரு நிமிடம் ஆட்டி, நான்கு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆட்ட வேண்டும். மற்றக் கால் அசையக் கூடாது. மூன்று மணி நேரம் கழித்து, அசையாத காலின் முழங்கால் பின்பக்கத் தமனி சோர்ந்திருந்தது. ஆட்டிய காலில் அது முன்னைவிட நன்றாக விரிந்தது.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் போனபோது இரவுச் சாப்பாடு முடிந்து ஹாலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து சித்தி எட்டிப் பார்த்தார்.

“காலை ஆட்டாதீங்கன்னு எத்தனை தரம் சொல்றது? வீட்டுக்கு ஆகாது.”

சித்தப்பா வலது காலை நிறுத்தினார். சித்தி உள்ளே போனதும் என்னைப் பார்த்துக்கொண்டே இடது காலை ஆட்டத் தொடங்கினார்.